புதிதாகப் பறவை பார்க்க வருவோரை வாசலிலேயே திருப்பி அனுப்பலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழையில் பெருகிய நாங்குநேரி வட்டாரக் குளங்களில் நாரைகளும் வாத்துகளும் வந்து இறங்கியிருப்பதைத் தங்கள் நாளிதழ் படத்துடன் வெளியிட்டிருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் சிலராவது இந்த மார்கழியில் முதன்முறையாகக் குளத்தங்கரைக்குப் போய் நின்று பார்ப்பார்கள். அவர்களில் இரண்டொருவர், தாம் கண்டதைப் பகிரவும் பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் விரும்பி, கைபேசியில் இயங்கும் பறவை ஆர்வலர் குழுக்களில் சேர்வார்கள். சேர்ந்த முதல் நாளில் அவர்களுக்கு அங்கே என்ன நேர்கிறது என்பதைப் பற்றி, அத்தகைய வாட்ஸ்அப் குழு ஒன்றில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், சில செய்திகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு தை மாதத்தில், நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரிலிருந்து ஓர் அம்மையார் எங்கள் குழுவில் சேர்ந்தார். சேர்ந்த அன்றே ஒரு படம் அனுப்பினார். சாதாரணக் கைபேசியில் எடுத்த படம். நீர்ப்பரப்பில் கரும்புள்ளிகளாகப் பறவைகள் தெரிந்தன. அதனுடன் குரல் பதிவாக ஒரு கேள்வியும் இருந்தது: "எங்க ஊர்க் குளத்துல நெத்தியில வெள்ளையா நாமம் போட்ட கோழி நெறைய கெடக்கு. எங்க ஆச்சி நாமக்கோழின்னு சொல்லும். எங்க வீட்டுல தாழைக்கோழின்னு சொல்லுதாங்க. எது சரி, அண்ணாச்சி?" முதலில் வந்த மறுமொழி, படத்தில் இருப்பது பறவையா தூசியா என்ற கேலி. அதற்குக் கீழே நாலைந்து சிரிப்புப் பொம்மைகள். அடுத்து ஒருவர் ஆங்கிலப் பெயரையும் அறிவியல் பெயரையும் மட்டும் எழுதிவிட்டுப் போனார். மூன்றாமவர், கேட்பதற்கு முன் கையேட்டைப் பார்த்துவிட்டு வருவதுதான் முறை என்றும், இத்தகைய கேள்விகளால் குழுவின் தரம் கெடுகிறது என்றும் எழுதினார். அம்மையார் நன்றி என்று ஒரு சொல் எழுதிவிட்டு அன்றிரவே குழுவிலிருந்து விலகிவிட்டார்.

இருநூறு பேருக்கு மேல் உள்ள அந்தக் குழுவில் நானும் அதைப் படித்தேன். மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் எழுதுவதற்கு அவர் அங்கே இல்லை. இதை இன்றும் வருத்தத்துடனேயே நினைத்துக்கொள்கிறேன்.

அவருடைய கேள்வியிலேயே விடை முழுவதும் இருந்தது. நெற்றியில் வெள்ளைக் கவசம் உள்ள கறுப்பு நீர்ப்பறவை நாமக்கோழி. அந்தப் பெயரே அந்த வெள்ளையைப் பார்த்து வைத்ததுதான். தாழைக்கோழிக்கு நெற்றி சிவப்பாகவும் அலகின் நுனி மஞ்சளாகவும் இருக்கும். அது பெரும்பாலும் கரையோரக் கோரைக்குள்ளேயே நடமாடும். நாமக்கோழியோ நடுநீரில் கூட்டம் கூட்டமாக மிதக்கும். ஆச்சி சொன்னதுதான் சரி என்று ஒரு வரியும், வேறுபாட்டைச் சொல்ல இன்னும் இரண்டு வரிகளும் எழுதியிருந்தால் போதும். அந்த அம்மையார் அடுத்த வாரம் கோரைப் பக்கம் போய்த் தாழைக்கோழியையும் தேடிப் பார்த்திருப்பார்.

இதில் நாம் இழந்தது ஓர் உறுப்பினரை மட்டுமே என்று எண்ணுவோர், இந்த வட்டாரத்தின் குளக்கணக்கை மறந்துவிடுகிறார்கள். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களை நம்பியிருக்கும் குளங்கள் ஒருபுறம், நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் குளங்கள் மறுபுறம் என நூற்றுக்கணக்கான நீர்நிலைகள் இங்கே உள்ளன. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தினர் முன்னின்று 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்தி வருகின்றனர். மாணவர்களும் தன்னார்வலர்களும் குழுக்களாகப் பிரிந்து குளம் குளமாகச் சென்று எண்ணும் அரிய பணி அது. எனினும், எத்தனை குழுக்கள் புறப்பட்டாலும் அவர்களால் ஒரு குளத்தில் ஆண்டுக்கு ஒரு நாளின் ஒரு காலைப் பொழுதைத்தான் செலவிட முடியும். மழைக்குப் பின் எந்த வாரத்தில் வாத்துகள் வந்தன, எப்போது நீர் வற்றியது, எந்த ஆண்டு கரை மரங்கள் வெட்டப்பட்டதால் கொக்குகள் இடம் மாறின என்பவற்றைச் சொல்ல அந்தக் குளத்தின் கரையில் குடியிருப்பவரால்தான் முடியும். அத்தகைய ஒருவர் தாமாகவே நம்மைத் தேடி வந்து கேட்டபோது, படம் தெளிவாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் ஊர்க் குளத்தைப் பற்றி அதன்பின் எங்கள் குழுவில் ஒரு செய்தியும் வரவில்லை.

நானே புதியவனாக இருந்த காலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, சில ஆண்டுகள் கழிந்த ஒரு வைகாசி மாதத்தில் முதன்முறையாக அங்கே சென்றேன். மஞ்சள் அலகுள்ள பெரிய நாரைகளுக்கு இடையே, சாம்பலும் தவிட்டு நிறமுமாக, அவற்றின் இறக்கையில் உள்ள இளஞ்சிவப்பு சற்றும் இல்லாத சில பறவைகள் நின்றன. இது வேறொரு வகை நாரை என்று எனக்குள் முடிவு செய்துகொண்டு, அங்கே நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் அதைப் பெருமிதத்துடன் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நல்லாத்தான் பாத்திருக்கீங்க சார்வாள். நெறம் வேறயாத்தான் இருக்கு. கொஞ்ச நேரம் நில்லுங்க, அதுக்கு யாரு இரை கொடுக்கான்னு பாருங்க" என்றார். அரை மணி நேரம் நின்றேன். பெரிய நாரை ஒன்று வந்திறங்கியதும் அந்தத் தவிட்டு நிறப் பறவை தலையை ஆட்டிக் கத்தி இரை கேட்டது. இளம் பறவைக்கு இன்னும் நிறம் ஏறவில்லை என்பதை யாரும் சொல்லாமலே நான் தெரிந்துகொண்டேன். அன்று தொற்றிய ஆர்வம் இன்றுவரை குறையவில்லை. அந்தப் பெரியவர் என்னைத் திருத்தினார் என்பதே வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கூந்தன்குளத்து மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதும், வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டிய பறவைகளைத் தம் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்வதும் நாடறிந்த செய்தி. திருப்புடைமருதூரில் தாமிரபரணிக் கரை மரங்களில் தங்கும் பறவைகளுக்காக ஊர் மக்களே முன்வந்ததால் அது 2005-இல் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. இவர்களில் பெரும்பாலோர் பைனாகுலர் எனப்படும் இருநோக்கியைக் கையில் பிடித்தவர்கள் அல்லர். ஆங்கிலப் பெயர்ப் பட்டியலைப் படித்தவர்களும் அல்லர். நம் பக்கத்தில் பறவையை அறிந்தவர் யார் என்று கேட்டால் முதலில் இவர்களைத்தான் காட்ட வேண்டும். இவர்களோ இவர்கள் வீட்டுப் பிள்ளைகளோ ஓர் ஆர்வலர் குழுவில் சேர்ந்தால், அவர்களை எதுவும் அறியாதவர்களாக நடத்துவதற்கு நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்று மூத்த உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பெயர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தமிழாசிரியனாக இருந்தவன் என்பதால் இதில் எனக்கு ஆதங்கம் அதிகம். மடையானைக் குருட்டுக்கொக்கு என்பார்கள். நாம் மிக அருகில் போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும் அதன் இயல்பு அந்தப் பெயரில் இருக்கிறது. கரிச்சானை இரட்டைவால் குருவி என்பார்கள். நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, முக்குளிப்பான், ஆள்காட்டி என்று ஒவ்வொரு பெயரும் அந்தப் பறவை எதைத் தின்கிறது, எப்படி நீந்துகிறது, யாரைக் கண்டால் கத்துகிறது என்பதை நெடுங்காலம் பார்த்திருந்தவர்கள் வைத்தது. புதியவர் ஒருவர் தம் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது, அது பிழை என்று உடனே ஆங்கிலப் பெயரால் அடித்துத் திருத்துவது, நமக்குக் கிடைக்கவிருந்த ஒரு சொல்லைத் தூக்கி எறிவதாகும். ஊர்ப் பெயரை முதலில் ஏற்று, எந்த ஊரில் அப்படி வழங்குகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதன் பின் பொதுவான தமிழ்ப் பெயரையும் தேவைப்பட்டால் ஆங்கிலப் பெயரையும் சொல்லலாம். ஒரே பெயர் இரண்டு ஊர்களில் இரண்டு பறவைகளுக்கு வழங்குவதும் உண்டு. அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கும் ஊர்ப் பெயர் தெரிந்தாக வேண்டும். 1912-இல் இதே திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் பறவைகளைப் பற்றித் தமிழில் எழுதிக் காட்டியவர். அவர் பிறந்த ஊரில், தமிழில் கேட்பவரைத் தரம் குறைந்தவராகப் பார்ப்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிழையான பதிவு கணக்கில் ஏறினால் அது பறவைகளுக்கும் ஆய்வுக்கும் கெடுதல். ஆனால் திருத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. உலகெங்கும் பறவை பார்ப்போர் பட்டியல்களைச் சேர்க்கும் இ-பேர்டு என்னும் இணையதளத்தில், வழக்கத்துக்கு மாறான பதிவு ஒன்று வந்தால், அந்த வட்டாரத்துச் சரிபார்ப்பாளர் பதிவிட்டவருக்குக் கடிதம் எழுதி, என்ன அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்தீர்கள், படமோ குறிப்போ இருந்தால் சேர்க்க இயலுமா என்று கேட்கிறார். இங்கும் அப்படிக் கேட்பதில் என்ன தடை இருக்கிறது? வெள்ளைக் கொக்கு என்று ஒருவர் எழுதினால், அலகு கறுப்பா மஞ்சளா, பறக்கும்போது பாதத்தைப் பார்த்தீர்களா என்று கேட்கலாம். கறுத்த அலகும் மஞ்சள் பாதமும் என்றால் சின்னக் கொக்கு. குட்டையான மஞ்சள் அலகோடு மாட்டின் காலடியில் மேய்ந்தது என்றால் உண்ணிக்கொக்கு. பதில் தெரியாவிட்டால் அவர் அடுத்த முறை அலகைப் பார்ப்பார். கேள்வி கேட்டவர் பதில் தேடுபவராக மாறுவது இப்படித்தான்.

இப்போது பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகளைப் புதியவர்கள் பயன்படுத்துகிறார்கள். பாபநாசம் மலையடிவாரத்தில் கழுகின் குரல் கேட்டதாகச் செயலி காட்டியது என்று கல்லூரி மாணவர் ஒருவர் எழுதியபோது, செயலியை நம்புகிறவர்கள் எல்லாம் பறவை பார்க்க வந்துவிட்டார்கள் என்று ஒருவர் பதில் எழுதியதைப் பார்த்தேன். துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அச்சு அசலாக எடுத்துக் கத்தக்கூடியது. அதில் செயலி என்ன, பல்லாண்டு பழகிய காதும் ஏமாறும். இந்த வியப்பான செய்தியை அந்த மாணவரிடம் சொல்வதற்குக் கிடைத்த அருமையான வாய்ப்பு ஒரு குத்தல் பேச்சில் வீணாயிற்று.

கருவிகளைப் பற்றி ஒன்று மட்டும். சில லட்சம் ரூபாய் பெறும் கேமராவில் எடுத்த படங்களை மட்டுமே பாராட்டி, மற்றவற்றுக்கு ஒரு சொல்லும் எழுதாமல் விடுவதும் விரட்டுவதற்குச் சமம். படமே இல்லாமல், "விடியற்காலை ஆறு மணிக்கு எங்கள் மடையருகே பதினோரு கரண்டிவாயன்கள்" என்று எழுதி வரும் குறிப்பு, நாளும் இடமும் எண்ணிக்கையும் சேர்ந்த ஒரு முழுமையான பதிவு. அதையும் மதிக்க வேண்டும்.

பெண்கள் இத்தகைய குழுக்களில் சேர்ந்து சில நாட்களில் விலகுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறோம். குழுவில் சேர்ந்த உடனே அவர்களுடைய கைபேசி எண் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. அன்றே அறிமுகமில்லாதவர்களிடமிருந்து தனிச் செய்திகள் வரத் தொடங்குகின்றன. பறவையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டாலும், பெறுபவருக்கு அது தொந்தரவே. கேட்காமல் யாரும் யாருக்கும் தனிச் செய்தி அனுப்பக் கூடாது என்பதை முதல் விதியாக வைத்து, மீறியவரை, அவர் எத்தனை ஆண்டு மூத்தவராக இருந்தாலும், நிர்வாகிகள் நீக்க வேண்டும். முறையிடுவதற்குப் பெண் நிர்வாகி ஒருவராவது இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் வாங்க வாங்க என்று வாயால் அழைப்பதில் பொருளில்லை.

மூத்தவர்கள் பக்கத்து நியாயத்தையும் நான் அறிவேன். ஒரே கேள்வியை ஆண்டுக்கு ஐம்பது முறை கேட்டால் யாருக்கும் சலிப்பு வரும். வேலைக்குப் போய் வந்து, பிள்ளைகளைக் கவனித்து, மிஞ்சிய நேரத்தில் பதில் எழுதுகிறவர்கள் அவர்கள். ஆகவே எல்லாச் சுமையும் எப்போதும் பதில் எழுதும் இரண்டு மூன்று பேர் தலையில் விழாதபடி, வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். அந்த வாரம் புதிதாக வருபவருக்குப் பெயர் சொல்லி வணக்கம் கூறுவது, எந்த ஊர், பக்கத்தில் எந்தக் குளம் என்று கேட்பது, அவருடைய முதல் கேள்வி அன்று இரவுக்குள் பதில் பெறும்படி பார்த்துக்கொள்வது ஆகியவை அவர் பொறுப்பு. பத்துப் பதினைந்து குளத்துப் பறவைகளின் படமும் தமிழ்ப் பெயரும் அடையாளமும் கொண்ட ஒற்றைத் தாள் ஒன்றை ஆயத்தமாக வைத்திருந்தால், சலிப்புத் தரும் கேள்விகளில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும். சேர்ந்து ஓர் ஆண்டு மட்டுமே ஆனவர்களை இந்த முறையில் சேர்ப்பது இன்னும் நல்லது என்பது என் கருத்து. தாம் தடுமாறிய இடங்கள் அவர்களுக்கு மறந்திருக்காது.

விதிகளையும் இந்த முதல் அறிமுகத்திலேயே சொல்லிவிட வேண்டும். கூடு கட்டியுள்ள பறவையை நெருங்கிப் படம் எடுக்கலாகாது, ஆந்தை தங்கும் மரத்தின் இடத்தைப் பொதுவில் எழுதலாகாது, ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கலாகாது என்பனவற்றைப் பலர் மீறுவது அறியாமையால்தான். சொல்லாத விதியை மீறியதற்காக நூறு பேர் முன்னிலையில் ஒருவரைக் கண்டிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்டிக்கப்பட்டவர் விதியைக் கற்பதில்லை. அந்த இடத்தை விட்டுப் போய்விடுகிறார், போன இடத்தில் கூட்டின் அருகே மீண்டும் படம் எடுக்கிறார்.

கைபேசியில் தொடங்கும் பழக்கம் குளத்தங்கரையில்தான் உறுதிப்படும். நகரில் இருப்போருக்கு நயினார்குளமும் வேய்ந்தான்குளமும் பேருந்தில் போய் வரும் தொலைவிலேயே உள்ளன. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, புதியவர்களுக்கென்றே கூடலாம். இருக்கும் இருநோக்கிகளை முதலில் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். தமிழகமெங்கும் 2015 முதல் நடைபெற்று வரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்டதையும் கேட்டதையும் எழுதினாலே ஒரு பட்டியல் ஆகிவிடுகிறது. வீட்டு மாடியில் நின்றுகூட எழுதலாம். இந்தப் பொங்கலுக்கு ஒவ்வொரு மூத்தவரும் ஒரு புதியவரை உடன் அழைத்துச் சென்று, எண்ணிக்கை எழுதும் ஏட்டை அவரிடம் கொடுக்கலாம். பெருங்கூட்டத்தைக் கண்டு மலைப்பவருக்கு, முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று கண்ணால் அளந்து, அதே அளவைக் கொண்டு மீதிக் கூட்டத்தை மதிப்பிடும் முறையைக் கரையில் நின்று காட்டினால் ஐந்தே நிமிடத்தில் பிடித்துக்கொள்வார். எத்தனை நீண்ட செய்தியாக எழுதி அனுப்பினாலும் இது புரியாது.

தங்களிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. குளங்கள் நிறைந்திருக்கும் இந்த மூன்று மாதங்களுக்கு, தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒரு சிறு இடம் ஒதுக்கி, வாசகர்கள் தத்தம் ஊரில் வழங்கும் பறவைப் பெயர்களையும் தம் குளத்தில் கண்டவற்றையும் எழுதி அனுப்பும்படி கேட்டு வெளியிட வேண்டுகிறேன். குழுக்களில் எழுதக் கூச்சப்படுகிறவர்கள் அஞ்சலட்டையில் எழுதுவார்கள். வரும் கேள்விகளுக்கு விடை எழுதித் தர என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

நாங்குநேரிப் பக்கத்து அந்த அம்மையார் இந்தக் கடிதத்தைப் படிக்க நேர்ந்தால் அவருக்கு ஒரு செய்தி: உங்கள் ஆச்சி சொன்ன பெயர்தான் சரி, அம்மா. ஓராண்டு தாமதமாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். இந்த ஆண்டு உங்கள் ஊர்க் குளம் நிறைந்ததா, நாமக்கோழிகள் எப்போது வந்தன, எத்தனை வந்தன என்று இந்த நாளிதழ் முகவரிக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பாளையங்கோட்டை.